சரி என்ற ஒரு சொல்

பத்திரிகைத் தொழிலில் நான் புகுந்த முதல் மாதத்தில் எனது செய்தி ஆசிரியர் ஒரு பாடம் சொல்லித் தந்தார். ஒருவர் சொன்னதைச் சொன்னபடி போடு; சொல்லாததைச் சொன்னதாகப் போடாதே. இவ்வளவுதான் பாடம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைக் காப்பாற்றி வந்திருக்கிறேன் என்ற இறுமாப்பு எனக்கிருந்தது. ஓய்வு பெற்றபின், பத்திரிகை எதிலும் வராத ஒரு செய்தியில், எனது சொந்த அத்தானை நான் தவறாக மேற்கோள் காட்டினேன். அந்த மேற்கோள் ஒரேயொரு சொல்தான். அந்தச் சொல் "சரி".

அத்தானின் வீடு நெடுங்கேணியில் இருக்கிறது. வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே சென்று, புளியங்குளத்தில் கிழக்கே திரும்பி, சின்னடம்பன் பக்கமாகக் காட்டினூடே போனால் நெடுங்கேணி. வவுனியா வடக்குப் பிரதேச செயலகப் பிரிவின் தலைமையிடம் அதுவே. அங்கிருந்து மேலும் வடக்கே போனால் ஒட்டுசுட்டான் வரும். கடைத்தெரு சிறியது. வயலும் குளமும் காடும் பெரியவை.

1997ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெயசிக்குறு படைநடவடிக்கை தொடங்கியபோது அந்த ஊர்ச்சனம் எழும்பியது. 2008இன் இறுதியில் மறுபடியும் எழும்பியது. அந்த இரண்டாம் முறை, அத்தானும் அக்காவும் கிழக்கே கடற்கரைவரை ஓடி, பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கூடாரத்தில் கிடந்து, 2010இல் ஊருக்குத் திரும்பினார்கள். திரும்பியபோது வளவைக் காடு மூடியிருந்தது. அத்தான் தன் கையால் வெட்டித் துப்புரவாக்கினார். வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கட்டி, வயலை மீண்டும் விதைத்தார். அந்த முப்பது ஆண்டுகளில் "எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" என்று அவரிடம் எவரும் கேட்டதில்லை. போ என்றார்கள், போனார். இரு என்றார்கள், இருந்தார். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அதை மறந்ததுதான் பிழை.

2023ஆம் ஆண்டு மார்கழியில் ஒருநாள் விடியற்காலை அத்தான் படுக்கையிலிருந்து எழும்ப முயன்று விழுந்தார். வலது கையும் காலும் அசையவில்லை. வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. கண் விழித்தபடி இருந்தது, பேச்சு இல்லை. எங்கள் பக்கத்தில் பாரிசவாதம் என்று சொல்லும் நோய். தமிழகத்தில் பக்கவாதம் என்பார்கள்.

அக்கா முதலில் மயக்கம் என்றுதான் நினைத்தாள். தேசிக்காய்த் தண்ணீர் பருக்கப் பார்த்தாள். அயலவர் ஒருவர் எண்ணெய் தடவச் சொன்னார். இன்னொருவர், படுத்துத் தூங்கினால் தெளியும் என்றார். ஒருவரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் பொழுது ஏறிவிட்டது.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு வயதான பெற்றோர் எங்கோ ஒரு கிராமத்தில் இருப்பார்கள் என்பதால் இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். பாரிசவாதங்களில் மிகப்பெரும்பாலானவை மூளைக்குப் போகும் குருதிக்குழாய் அடைபடுவதால் வருகின்றன. எஞ்சியவை குழாய் வெடித்துக் குருதி கசிவதால் வருபவை. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. அதை நோய் தொடங்கி நான்கரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். கசிவு இல்லை என்பதை ஸ்கான் எடுத்து உறுதிசெய்த பிறகே ஏற்றலாம். பெரிய குழாயொன்று அடைபட்டால் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். ஆகவே முகம் கோணினால், கை தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், எதையும் பருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுவதுதான் முதலுதவி. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வட மாகாணத்திலும் இருக்கிறது. அன்று அந்த இலக்கம் எங்கள் வீட்டில் எவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஸ்கான் வசதியுள்ள வைத்தியசாலையை அத்தான் சென்றடைந்தபோது ஊசியின் நேரம் கடந்திருந்தது. நித்திரையில் தொடங்கிய நோய் என்பதால், எப்போது தொடங்கியதென்றும் எவருக்கும் தெரியவில்லை. உயிர் தப்பியது. மூன்று கிழமையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் தொடங்கியதுதான் இந்தக் கதை.

மருத்துவ உலகம் உயிர் தப்பியவரை அளந்து பார்க்கும். அதற்கு அளவுகோல்கள் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது 1965இல் அமெரிக்காவில் வெளிவந்த பார்தெல் சுட்டெண். உணவு உண்ணல், குளித்தல், உடுத்தல், மலசலக் கட்டுப்பாடு, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுதல், நடத்தல், படியேறல் என்று பத்து விடயங்கள். மொத்தம் நூறு புள்ளிகள். ஆறு மாதத்தின் பின் அத்தானுக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 55 வந்தது. படியேறலுக்குப் பூச்சியம். நெடுங்கேணி வீட்டில் இரண்டே இரண்டு படிகள்தான் என்பது வேறு விடயம்.

ஆனால் அந்தப் பத்து விடயங்களிலும் பேச்சு இல்லை. ஒருவர் வாய்விட்டு ஒரு சொல்லும் பேச முடியாமலேயே நூற்றுக்கு நூறு வாங்கலாம். அளவுகோலில் குறை சொல்வதற்கில்லை. எவ்வளவு உதவி தேவை என்பதை அளக்க அதை ஆக்கினார்கள். அதை அது செம்மையாக அளக்கிறது. வாழ்க்கைத் தரம் என்பது வேறு. தான் வாழும் பண்பாட்டில், தன் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்து, தன் வாழ்வின் நிலையை ஒருவர் தானே எப்படி உணர்கிறார் என்பதே வாழ்க்கைத் தரம் என்று உலக சுகாதார அமைப்பு வரையறுக்கிறது. 'தானே' என்பதுதான் அதில் உயிரான சொல். அப்படியானால், பேச்சிழந்தவரிடம் அதை எப்படிக் கேட்பது?

பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பெரும்பாலும் வலது கையோடு மொழியும் போகும். 1861இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். எதைக் கேட்டாலும் அந்த மனிதர் "தான்" என்ற ஓர் ஒலியையே சொன்னார். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்து, பேச்சுக்குரிய இடம் இடது முன்பகுதியில் இருப்பதாக புரோக்கா அறிவித்தார். அந்த நோயாளி அந்த ஒலியால் என்ன சொல்ல நினைத்தார் என்று தெரியவில்லை. தமிழில் அதற்குப் பொருள் உண்டு என்பதை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். எல்லாம் போனபின் எஞ்சிய ஒரு 'தான்'.

எங்கள் அத்தானுக்கு எஞ்சியது "சரி". பசிக்கிறதா? "சரி." நோகிறதா? "சரி." கோபம் வந்தாலும் அதே சொல்தான், குரல் மட்டும் உயரும். வேடிக்கை என்னவென்றால், ஒன்று இரண்டு என்று நாம் தொடங்கிவிட்டால் பத்துவரை எண்ணிவிடுவார். இளமையில் ஆடிய கோவலன் கூத்துப் பாட்டை எவரேனும் எடுத்துக் கொடுத்தால் நாலு வரி பிசகாமல் பாடுவார். பழகிப் பதிந்த ஒலிகள் மூளையில் வேறு வழியால் வருகின்றன என்கிறார்கள். பாட்டு வந்தால் பேச்சும் வந்துவிடும் என்று அக்கா முதல் வருடம் முழுவதும் நம்பினாள். வரவில்லை.

2024 ஆவணியில் ரொறன்ரோவிலிருக்கும் மருமகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். கொழும்பில் முதியோரைப் பராமரிக்கும் ஓரிடம் பார்த்திருப்பதாகவும், தாதிகள் இருப்பதாகவும், முற்பணம் கட்டத் தயாராக இருப்பதாகவும் சொன்னான். "நீங்கள் நேரில போய் அப்பாவிட்ட ஒருக்கால் கேளுங்கோ மாமா. நான் போனில கேட்டால் அவருக்கு விளங்குதோ தெரியேல்லை" என்றான். பொறுப்புள்ள பிள்ளை. அவன்மீது இன்றும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரவுப் பேருந்தில் வவுனியா போய், அங்கிருந்து நெடுங்கேணி போனேன். அத்தான் விறாந்தையில் கதிரையில் இருந்தார். குனிந்து, தெளிவாகக் கேட்டேன்.

"அத்தான், பிள்ளையள் கொழும்பில ஒரு நல்ல இடம் பாத்திருக்கினம். அங்க போவமே?"

"சரி."

"அக்காவும் பக்கத்தில வந்து இருப்பா."

"சரி, சரி."

அன்று மாலையே மருமகனை அழைத்து, "அப்பா சம்மதம் சொல்லிவிட்டார்" என்றேன். நான் காட்டிய மேற்கோள் அதுதான். முற்பணம் கட்டப்பட்டது. புரட்டாதியில் ஒரு நாளும் குறித்தாயிற்று.

இடையில் அவரை ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அங்கே ஒரு பேச்சுச் சிகிச்சையாளர், மிக இளம்பெண், அத்தானுக்கு முன்னால் ஒரு வாங்கை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் முந்திக்கொண்டு, "அவருக்கு எல்லாம் விளங்கும், ஓம் என்றால் சரி என்பார்" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் அத்தானைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, உங்களுக்கு இப்ப பத்து வயதுதானே?"

"சரி."

சொன்ன மறுகணமே அத்தான் இடது கையால் தன் தொடையில் அடித்துக்கொண்டார். வாயின் நல்ல பக்கம் சிரித்தது. கண்ணில் நீர் வந்தது. தான் சொல்ல நினைத்தது அது அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எட்டு மாதமாக நாங்கள் எவரும் அதைக் காணவில்லை. எனக்கு நிலம் நழுவியது போலிருந்தது.

அந்தப் பெண் எனக்குக் கற்றுத் தந்த முறை இது. வீட்டில் இப்படி ஒருவர் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். சிலருக்குத் தலையாட்டலும் மாறி வரும். இரண்டு படங்களை முன்னால் வையுங்கள். சுட்டிக்காட்டச் சொல்லிவிட்டுப் பேசாமல் காத்திருங்கள், நமக்கு நீளமாகத் தோன்றும் அளவுக்கு. பிறகு படங்களை இடம் மாற்றி வைத்துக் கேளுங்கள். பிறகு கேள்வியைப் புரட்டிக் கேளுங்கள். மூன்று முறையும் ஒரே விடை வந்தால்தான் அது விடை. எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு பேரிடம் உறுதிப்படுத்தாத செய்தியை அச்சுக்கு விடாதே என்று இளையவர்களை அதட்டியவன் நான்.

வீட்டுக்கு வந்து தொலைபேசியில் படங்களை எடுத்து வைத்தேன். கொழும்பு இடத்தின் படம், வீட்டின் படம். விரல் வீட்டில் விழுந்தது. இடம் மாற்றினேன், வீட்டிலேயே விழுந்தது. "எந்த இடம் வேண்டாம்?" என்று புரட்டிக் கேட்டேன், கொழும்பை உள்ளங்கையால் மூடினார். தொடர்ந்து வயல், குளக்கட்டு, கோயில், சந்தியிலுள்ள தேநீர்க்கடை என்று காட்டி, போக விரும்பும் இடம் எது என்று கேட்டேன். விரல் தேநீர்க்கடையில் விழுந்து, அங்கேயே நின்றது. காலையில் நாலு பேர் கூடி ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டு வாதாடும் கடை அது. அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். "வயலுமில்லை, கோயிலுமில்லை, நானுமில்லை, தேத்தண்ணிக் கடை" என்று சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் நோவும் இருந்தது.

நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அவருக்குப் பதிலாக உறவினரிடம் கேட்டால், நோயாளி தாமே சொல்வதைவிடக் குறைவாகவே உறவினர் சொல்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நாம் அவரது இழப்பைப் பார்க்கிறோம். அவரோ எஞ்சியதையும் பார்க்கிறார். பேச்சிழந்தவர்களே தமக்காக விடையளிக்கும்படி 39 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை லண்டனில் கத்தரீனா ஹிலாரி என்பவர் 2003இல் உருவாக்கினார். சுவீடன் நாட்டுக் கவிஞர் தோமஸ் திரான்ஸ்திரோமர் 1990இல் பாரிசவாதத்தால் பேச்சையும் வலது கையையும் இழந்தார். இடது கையால் பியானோ வாசித்தார், எழுதினார், 2011இல் நோபல் பரிசு பெற்றார். அவர் சொல்ல வந்ததை மனைவி மொனிக்கா புரிந்து பிறருக்குச் சொன்னார். எல்லோரும் திரான்ஸ்திரோமர் ஆக முடியாது. ஆனால் எல்லோருக்கும் ஒரு மொனிக்கா வேண்டும். கேட்கத் தெரிந்த ஒருவர்.

மருமகனை அழைத்தேன். "தம்பி, நான் பிழையான செய்தி தந்திட்டன்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர் கேட்டான்: "சரி மாமா, அப்பாவின்ர விருப்பம் விளங்குது. அப்ப அம்மா?"

நியாயமான கேள்வி. அக்காவுக்கு அப்போது 68 வயது. தன்னைவிடப் பாரமான ஒருவரைத் தினமும் தூக்கி இருத்தி, கழுவித் துடைத்து, இரவில் மூன்று முறை எழும்பி, அந்த ஆண்டு வற்றாப்பளைப் பொங்கலுக்கும் போகாமல் இருந்தாள். குடும்பத்தவரின் அன்பு எதையும் ஈடுசெய்யும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே புனர்வாழ்வுச் சிகிச்சை செய்வித்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவு: ஆறு மாதத்தில், வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. அன்பு வீண் என்பதல்ல இதன் பொருள். பயிற்றப்பட்ட கைகள் செய்யவேண்டிய வேலையை மனைவியின் தலையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியடைய முடியாது என்பதே பொருள். மாங்குளம் வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியுடன் கட்டப்பட்ட புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் 2024 மே மாதத்தில் திறக்கப்பட்டது வன்னிக்குப் பெரிய விடயம். ஆனால் அங்கே போய்வரவும் ஒரு வாகனமும் ஒரு துணையும் வேண்டும்.

முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அந்தப் பாதியில் வீட்டோடு சேர்த்து, இருந்து பாவிக்கும் மலசலகூடம் ஒன்று கட்டினோம். சுவரில் பிடிகம்பி பொருத்தினோம். இரண்டு படிகளையும் சீமெந்துச் சரிவாக்கினோம். காலையில் ஒரு பெண் சம்பளத்துக்கு வந்து குளிப்பாட்ட உதவுகிறாள். அயலிலுள்ள முச்சக்கரவண்டிக்காரப் பையன் கிழமைக்கு நாலு நாள் அத்தானைத் தேநீர்க்கடைக்குக் கொண்டுபோய், ஒன்றரை மணித்தியாலத்தின் பின் கொண்டுவந்து விடுகிறான். பத்திரிகை வாசிக்கப்படும்போது அத்தான் சரி, சரி என்கிறார். அங்கே எவரும் அதைச் சம்மதமாக எடுப்பதில்லை. வாதத்தில் ஒரு குரல் என்றுதான் எடுக்கிறார்கள்.

எல்லாம் நலமாய் முடிந்தது என்று சொல்ல வரவில்லை. 2025 ஆடியில் அவர் ஒருமுறை விழுந்தார். மழைக்காலத்தில் கை இறுகி நோகிறது. சில மாலைகளில் காரணமின்றி அழுகிறார். பாரிசவாதத்தின் பின் மூன்றிலொருவருக்கு மனச்சோர்வு வரும், அதற்கும் மருந்துண்டு என்பதை மிகப் பிந்தித்தான் அறிந்தோம். இப்போது பார்தெல் கணக்குப் போட்டாலும் 60ஐத் தாண்டாது. அவரிடமே படங்களை வைத்துக் கேட்டால் வேறு எண் வரும் என்று நினைக்கிறேன்.

கடைசியாகப் போயிருந்தபோது, இரவு சாப்பாட்டின் பின் அக்கா குசினி வாசலில் இருந்தாள். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அக்கா, உங்கட பாடு எப்படி?"

"சரி" என்றாள்.

எழுந்து போகப் பார்த்தேன். மறுபடி இருந்துகொண்டேன். ஒரே விடையை நம்பாதே என்று படித்த பாடம் நினைவுக்கு வந்தது. கேள்வியைப் புரட்டினேன். "எது சரியில்லை?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் காத்திருந்தேன்.

நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், ஒரு மாதமாகத் தலையின் பின்பக்கம் இடிப்பதாகவும், கிளினிக்குக்குப் போனால் இவரை யார் பார்ப்பது என்று போகாமல் விட்டதாகவும், பிறஷர் குளிசை முடிந்து இரண்டு கிழமை என்றும் சொன்னாள். பாரிசவாதத்துக்குப் பெருங்காரணம் உயர் குருதியமுக்கம். அதே வீட்டில், அதே கூரையின் கீழ், இரண்டாவது நோய் வந்து உட்கார்ந்திருந்தது.

விடிந்ததும் அத்தானைத் தேநீர்க்கடையில் இருத்திவிட்டு, அதே முச்சக்கரவண்டியில் அக்காவை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் காத்திருந்தபோது அவள் முணுமுணுத்தாள்: "இரண்டு வருசத்தில என்னை ஒருவரும் இப்பிடி இரண்டாந்தரம் கேக்கேல்லை."

நண்பர்களே, ஊரிலுள்ளவர்களுக்கு இந்த வாரம் தொலைபேசி எடுப்பீர்கள். எப்படி என்று கேட்பீர்கள். சரி என்பார்கள். இரண்டாந்தரமும் கேளுங்கள்.